சுவரில் ஒரு சார்ட், ஆறு பிள்ளைகள்

கேள்வி: ஆட்டிசம் உள்ள ஆறு பிள்ளைகளுக்கு மாலை நேர மையம் நடத்துகிறோம். அன்றாட வேலைகளைப் படங்களாகப் பெரிய சார்ட்டில் ஒட்டி மாட்டியிருக்கிறோம். ஒரு பையன் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இடம் மாறச் சொன்னாலே அழுகை. எங்கே தவறு?
- வாசகி, காரைக்குடி

பதில்: ஆறு பேருக்கும் ஒரே சார்ட் என்பதிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. அவனுக்குப் படம் புரிகிறதா என்று முதலில் பாருங்கள். தம்ளர், பந்து, சீப்பு மூன்றையும் மேஜையில் வைத்து, தம்ளர் படத்தைக் கையில் கொடுங்கள். வாயால் எதுவும் சொல்லாதீர்கள். இடம் மாற்றி மாற்றி வைத்தும் பெரும்பாலும் சரியாகச் சேர்த்தால் படம் போதும். இல்லையென்றால் பொருளே அட்டவணை: தம்ளர் கைக்கு வந்தால் சிற்றுண்டி, பந்து வந்தால் விளையாட்டு.

படம் புரிகிற பிள்ளைக்கும் தொடக்கத்தில் இரண்டே அட்டைதான்: ‘முதலில்’, ‘பிறகு’. ‘பிறகு’ என்பதில் அவனுக்குப் பிடித்தது இருக்கட்டும். அட்டை உள்ளங்கை அளவு, பின்னணி வெறும் வெள்ளை. தட்டுக்குப் பின்னால் மிக்ஸி தெரிந்தால் சில பிள்ளைகள் மிக்ஸியைத்தான் பார்ப்பார்கள். பளபளப்பான லேமினேஷன் டியூப்லைட்டில் கண் கூசும், பளபளக்காத ‘மேட்’ வகை வாங்குங்கள். வெல்க்ரோ ஒட்டி, அவன் கண் மட்டத்தில் வையுங்கள். வேலை முடிந்ததும் அவனே அட்டையைப் பிய்த்து ‘முடிந்தது’ டப்பாவில் போட வேண்டும். 1972இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் மாநிலத் திட்டமாகத் தொடங்கிய ‘டீச்’ (TEACCH) என்ற ஆட்டிசம் பயிற்சி முறையில் இந்த ‘முடிந்தது’ மிக முக்கியம். எப்போது முடியும் என்று தெரியாத வேலைதான் பிள்ளையைப் பதற வைக்கிறது.

இன்னொன்று. தினமும் ஒரே வரிசை வைத்தால் படத்தைப் பார்க்காமல் வரிசையை மனப்பாடம் செய்துவிடுவான். தெரபிஸ்ட் வராத அன்று ரகளைதான். வாரத்தில் இரண்டு நாள் வேண்டுமென்றே ஒரு ‘மாற்றம்’ அட்டை வையுங்கள். முதல் சில மாற்றங்கள் இனிப்பாக இருக்கட்டும்: எழுத்து வேலைக்குப் பதில் ஊஞ்சல்.

கேள்வி: பழகிவிட்டால் அட்டையை எடுத்துவிடலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். பொருளிலிருந்து படம், படத்திலிருந்து எழுத்து, பிறகு செல்போன் பட்டியல் என்று வடிவம் மாறலாம். நாமே கேஸ் சிலிண்டருக்குப் பதிந்த தேதியைக் காலண்டரில் குறித்துத்தானே வைக்கிறோம்! அடம் பிடித்ததற்காக ஊஞ்சல் அட்டையைப் பிடுங்குவதும் கூடாது. ஒருமுறை செய்தால், மறுநாள் அந்த அட்டவணையை அவன் நம்பமாட்டான்.