சாவியை அணைத்துப் போட்டால் பிக்கப் திரும்பி வருகிறது, அப்புறம் டர்போவை ஏன் மாற்ற வேண்டும்?

குடியாத்தத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். 2016 மாடல் டீசல் கார், 1,10,000 கிலோமீட்டர் ஓடியது. போன மாதம் குடும்பத்தோடு ஏலகிரி ஏறும்போது நாலைந்து வளைவு தாண்டியதும் மஞ்சள் இன்ஜின் லைட் எரிந்து பிக்கப் சுத்தமாகப் போய்விட்டது, எவ்வளவு மிதித்தாலும் 3000 ஆர்பிஎம்மைத் தாண்டவில்லை. ஓரம் கட்டி, சாவியை அணைத்து, பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இழுத்திருக்கிறது. அடுத்த வாரம் பள்ளிகொண்டா பக்கம் ஹைவேயில் ஒரு லாரியை ஓவர்டேக் எடுக்கும்போது அதே கதை. "மிதிக்கும்போது முன்னாடி உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதுண்ணா, பின்னாடி கரும்புகை" என்கிறார். பக்கத்து மெக்கானிக் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டியிருக்கிறார், லைட் அணைந்திருக்கிறது, "டர்போ போயிடுச்சு சார், நாற்பதாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார். இன்ஜின் புகையின் வேகத்தில் இறக்கை சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற அந்த டர்போவை மாற்றலாமா?

வேண்டாம் சார், இப்போதைக்கு வேண்டாம். நாற்பதாயிரம் எங்கேயும் ஓடிப்போகாது.

முதலில் அந்தப் பேட்டரி வயர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆத்திரமே அதில்தான். மஞ்சள் லைட் எரிந்த நொடியில் வண்டியின் கம்ப்யூட்டர் ஒரு பழுதுக் குறியீட்டு எண்ணை மட்டும் எழுதி வைப்பதில்லை. அந்த நேரத்தில் எத்தனை ஆர்பிஎம், என்ன வேகம், இன்ஜின் எவ்வளவு சூடு, எவ்வளவு லோடு என்று மொத்தத்தையும் ஒரு போட்டோ மாதிரி பிடித்து வைக்கிறது. நீங்கள் சாவியை அணைத்துப் போட்டாலும் அது அழியாது. வயரைக் கழற்றினால் பல வண்டிகளில் அழிந்துவிடும். திருடு போன வீட்டை போலீஸ் வருவதற்குள் கழுவிவிட்ட மாதிரிதான். அடுத்த முறை லைட் எரிந்தால் யாரையும் வயரில் கை வைக்க விடாதீர்கள், முதலில் ஸ்கேனர் மாட்டி எண்ணைப் படித்து ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

சரி, பிக்கப் ஏன் போகிறது, சாவியை அணைத்தால் ஏன் திரும்பி வருகிறது? இன்ஜின் அந்த இடத்தில் கெட்டுப்போய் பத்து நிமிஷத்தில் தானே குணமாகவில்லை. டர்போ இவ்வளவு காற்று தர வேண்டும் என்று கம்ப்யூட்டர் ஒரு கணக்கு வைத்திருக்கிறது, வர வேண்டிய காற்று வரவில்லை என்றதும் பயந்துபோய் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறது. இதைத்தான் லிம்ப் மோட் என்கிறோம், நொண்டிக்கொண்டாவது வீடு போய்ச் சேரட்டும் என்று டீசலைக் குறைத்துவிடுவது. சாவியை அணைத்துப் போட்டதும் பல வண்டிகளில் அந்தப் பிடி தளர்ந்து, அடுத்த முறை காற்று போதாமல் போகும் வரை வண்டி நன்றாகவே ஓடும். டர்போவின் இறக்கை நிஜமாகவே உடைந்திருந்தால் நீங்கள் நூறு முறை ஸ்டார்ட் செய்தாலும் பழைய இழுவை வராது. உங்களுக்கு வருகிறது என்பதுதான் முதல் துப்பு.

இரண்டாவது துப்பு அந்த உஸ் சத்தம். என் சந்தேகம் டர்போவுக்கும், சூடான காற்றை ஆற்றுகிற இன்டர்கூலருக்கும், அந்த இன்டர்கூலருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் போகிற ரப்பர் ஹோஸ் மேல்தான். நம்ம வேலூர் வெயில் தெரியும், சித்திரையில் பானெட்டைத் திறந்தால் முகத்தில் அடுப்பு அனல். வருஷக்கணக்கில் அந்தச் சூட்டில் வெந்து, எண்ணெய் ஆவியில் ஊறி, ரப்பர் மடிப்பில் கீறல் விடும். சும்மா ஐடிலில் நிற்கும்போது ஹோஸுக்குள் அழுத்தமே கிடையாது, கீறல் வாயை மூடிக்கொண்டிருக்கும். மலையில் இரண்டாம் கியரில் முழுசாக மிதிக்கும்போது உள்ளே கார் டயர் காற்றில் பாதி அளவுக்கு அழுத்தம் ஏறும், அப்போதுதான் அது வாயைத் திறக்கும். பட்டறையில் நிறுத்தி வைத்து ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

கரும்புகையும் இதோடு பொருந்துகிறது. ஏர் ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் சென்சார் உள்ளே போகிற காற்றை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடுகிறது, கம்ப்யூட்டர் அதற்குத் தக்கபடி டீசல் விடுகிறது, ஆனால் நடுவழியில் பாதிக் காற்று கீறல் வழியாக ஓடிவிடுகிறது. பத்துப் பேருக்கு உலை வைத்து ஆறு பேர் வந்த கதை, மிஞ்சிய டீசல் சரியாக எரியாமல் கரியாக வெளியே வருகிறது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஆம்பூரிலிருந்து ஒரு வண்டி வந்தது. இரண்டு இடத்தில் காட்டி, ஒரு இடத்தில் டர்போவே மாற்றி, அப்புறமும் அதே லைட். நான் கீழ் ஹோஸைத் தடவிப் பார்த்தபோது கிளாம்புக்குப் பக்கத்தில் மட்டும் விரலில் கருப்பாகப் பிசுக்கு ஒட்டியது. அந்த இடத்தைத் துணியால் துடைத்து, ஹோஸை வளைத்துப் பிடித்தால் புளியங்கொட்டை நீளத்துக்கு ஒரு கீறல், வளைப்பதை விட்டதும் மூடிக்கொண்டது. நேராகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. ஹோஸும் இரண்டு கிளாம்பும் மாற்றி அனுப்பினேன், அவர் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

இதை நீங்களே பார்க்கலாம். இன்ஜின் ஆறியதும் ஹோஸ் முழுவதையும் துடைத்துவிட்டு, ஒரு நாள் நன்றாக மிதித்து ஓட்டிவிட்டு வந்து பாருங்கள், எங்கே புதிதாக எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கோடு போட்டிருக்கிறதோ அங்கேதான் கசிவு. விவரமான பட்டறையாக இருந்தால் ஹோஸின் ஒரு முனையை அடைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்று விட்டு, சோப்புத் தண்ணீர் தெளிப்பார்கள், பஞ்சர் கடையில் டியூபைப் பார்க்கிற மாதிரியேதான். அப்படியே டர்போ எவ்வளவு காற்று தள்ள வேண்டும் என்று கட்டுப்படுத்துகிற ஆக்சுவேட்டருக்குப் போகும் விரல் தடிமன்கூட இல்லாத வேக்யூம் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். வயல் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு எலி அதைத்தான் முதலில் கடிக்கும்.

ஹோஸ் இல்லையென்றால்? எண் சொல்லும். பி0299 வந்தால் டர்போ காற்று போதவில்லை என்று அர்த்தம், டர்போ கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, இதைப் பல மெக்கானிக்குகள் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். பி0401 என்றால் இஜிஆர் பக்கம், அதாவது புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுகிற வால்வு பக்கம், கரி அடைப்பு, டவுனுக்குள்ளேயே ஓடுகிற வண்டிக்கு இது சகஜம். பி0087 என்றால் டீசல் அழுத்தம் இறங்குகிறது, ஃபில்டரை எப்போது மாற்றினீர்கள் என்று யோசியுங்கள், உஸ் சத்தமும் கரும்புகையும் இதில் வராது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் வண்டிக்காரர்கள் சைலன்சர் பக்கம் இருக்கும் டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) அடைப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும், உங்கள் வண்டிக்கு அந்தக் கவலை இல்லை.

ஸ்டீரிங்குக்குக் கீழே முழங்கால் பக்கம் 16 பின் சாக்கெட் ஒன்று இருக்கும், அதில் சொருகுகிற சின்ன ப்ளூடூத் கருவி ஒன்று வாங்கி போனிலேயே பார்க்கலாம். வாங்கினால் ஒரு சோதனை செய்யுங்கள். சாவியை மட்டும் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கிற மேப் சென்சார் அளவைப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்டும். வேலூரில் 98, 99 கிலோபாஸ்கல் சுற்றிக் காட்ட வேண்டும், ஏலகிரி மேலே கிட்டத்தட்ட 89. இதிலிருந்து ரொம்ப விலகி இருந்தால் சென்சாரே பொய் சொல்கிறது, அதை வைத்து டர்போவைத் தூக்கில் போட முடியாது.

டர்போ நிஜமாகவே போனால் அடையாளம் வேறு. நீலப் புகை, இன்ஜின் ஆயில் குறைந்துகொண்டே வருவது, ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஊளை. ஹோஸைக் கழற்றி இறக்கையை ஆட்டிப் பார்த்தால் பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாம், இறக்கை சுவரில் உரசியிருந்தாலோ, முன்னும் பின்னும் அசைந்தாலோ அப்போது மெக்கானிக் சொன்னது சரி. இந்த இரண்டையும் உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஓவர்டேக் நடுவில் பிக்கப் போனபோது பயத்தில் ஓட்டத்திலேயே சாவியை அணைக்கப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயோ, அதை மட்டும் செய்யாதீர்கள், பவர் ஸ்டீரிங் இறுகிவிடும், பிரேக் ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும். இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் வந்து, ஹசார்டு போட்டு, ஆட்களைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்துவிட்டு, நின்ற பிறகு அணையுங்கள். ஹைவேயில் உதவிக்கு 1033.

மஞ்சள் லைட்டுக்கு வீடு வரைக்கும் மெதுவாக வரலாம். சிவப்பில் எண்ணெய்க் கிண்டி படம் எரிந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது, அங்கேயே நிறுத்தி அணைக்க வேண்டும். பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இன்ஜின் லைட் விட்டு விட்டு மினுக்கினால் ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரைப் பழுக்கக் காய்ச்சுகிறது, மிதிக்காமல் ஓரம் கட்டுங்கள், ஆனால் பாலாற்றங்கரைக் காய்ந்த புல் மேல் மட்டும் நிறுத்தாதீர்கள்.

ஹோஸ் மாற்றினால் பட்டறை வாசலில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டுப் பணம் கொடுத்துவிடாதீர்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையில் ஸ்கேனரைக் கொடுத்து, ஏலகிரி அடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து அதே மலையை அதே இரண்டாம் கியரில் ஏறுங்கள். கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தமும் நிஜமாக வந்த அழுத்தமும் ஏழெட்டு வளைவு தாண்டியும் ஒட்டிக்கொண்டே போனால் அப்போது கொடுங்கள். விலகினால் அந்த எண்ணோடு எனக்கு எழுதுங்கள்.