மூன்று ஆண்டுகளாகப் புதர் மண்டிக் கிடக்கும் கொல்லையை ஒரே நாளில் சீர்செய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியாது. முயலவும் வேண்டாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்துவிடலாம். ஆனால் எதை வெட்டினோம் என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். இந்த ஜனவரியில் நான் ஏறக்குறைய அதைத்தான் செய்யப் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். கணவரின் வேலையை ஒட்டித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற நவம்பரில், டர்பனில் இந்திய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோனோம். அதற்கு முன் மூன்று ஆண்டுகள் அந்த வீடு பூட்டிக் கிடந்ததாம். கொல்லைக் கதவைத் திறந்தால் ஆளுயரப் புதர். நிலம் எதுவரை போகிறது என்பதே தெரியவில்லை. இங்கே தை பிறப்பது நடுக்கோடையில். திறந்தவெளியில் மூன்று கல் கூட்டிப் பானையில் பொங்கல் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆகவே பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு நானும் கணவரும் இறங்கினோம். எங்கள் தெருவில் புல் வெட்டித் தரும் ஜூலு இளைஞர் ஒருவரும் துணைக்கு வந்தார்.

வெயிலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கத்திரி வெயிலில் களத்துமேட்டில் நின்று வளர்ந்தவளுக்கு டர்பன் வெயில் எம்மாத்திரம் என்று எண்ணினேன். ஜனவரியில் இங்கே பகல் வெப்பம் சராசரியாக 28 டிகிரிதான். ஆனால் கடல் பக்கத்திலேயே இருப்பதால் காற்று முழுக்க ஈரம். வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விப்பதும் இல்லை. பத்தரை மணிக்கு எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதன்பிறகு ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்: ஐந்து முதல் ஒன்பது வரை வேலை, பிறகு மாலை நான்குக்கு மேல்தான் மறுபடியும். நடுவில் மோர். இங்கே கடைகளில் அமாசி என்று புளித்த பால் விற்கிறார்கள். அதில் நீரூற்றி, இஞ்சி தட்டிப் போட்டு, உப்புச் சேர்த்தால் ஊர் நீர்மோருக்கு மிக அருகில் வந்துவிடுகிறது.

செடிகளுக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கு என்னுடைய உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது.

வேலி முழுவதையும் ஒரு கொடி போர்வைபோல் மூடியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதே வெட்டு வெட்டான இலை, அதே சிறு வெள்ளைப் பூ, காற்றடைத்த பைபோன்ற அதே காய். முடக்கத்தான்! நான்கு ஆண்டுகளாக முடக்கத்தான் தோசை சாப்பிடாதவள் நான். வெட்டுவதை விட்டுவிட்டு ஒரு கூடை நிறைய இலை பறித்துவிட்டேன். அப்போதுதான் பக்கத்து வீட்டு அம்மா மதில்மேல் கை ஊன்றி எட்டிப் பார்த்தார்.

எழுபது வயதைத் தாண்டியவர். தெருவில் எல்லோருக்கும் அவர் ஆன்ட்டி. நான் அம்மா என்று கூப்பிடுகிறேன். அவர் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் செடிப் பெயர், சாமி பெயர், உறவுப் பெயர் இவற்றுக்கெல்லாம் தமிழ் மாறாமல் வந்துவிடும். “கண்ணு, அதைச் சாப்பிடாதே, அது கீரை இல்லை” என்றார். எனக்கு நம்ப மனம் வரவில்லை. ஒரு காயைப் பறித்துக் காட்டச் சொன்னார். நம் ஊர் முடக்கத்தான் காய் உருண்டையாக, சிறிதாக இருக்கும். இது கட்டைவிரல் நீளம், நுனி கூர்ந்திருந்தது. தண்டைத் தடவினால் சொரசொரவென்று முள்மயிர். முடக்கத்தானின் உறவுக் கொடிதான், ஆனால் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. இந்தக் கடற்கரை மாகாணத்தில் மரங்களையெல்லாம் மூடி, வெளிச்சம் மறைத்துச் சாகடிக்கிறது. கூடையை அப்படியே கொட்டினேன். இந்தக் கொடியை மரத்திலிருந்து பிடித்து இழுக்கக்கூடாது, கிளை முறிந்துவிடும். அடியில் அறுத்துவிட்டால் மேலே உள்ளது தானே காய்ந்து உதிர்கிறது.

அடுத்தது சுண்டைக்காய். சுண்டைக்காய் என்று நான் நினைத்தது. அகன்ற, சாம்பல் பூத்த இலை, ஊதாப் பூ, கொத்துக் கொத்தாகக் காய். வற்றல் போடலாம் என்று மனம் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. அதுவும் இல்லை. சுண்டையின் குடும்பம்தான், இங்கே பக்வீட் என்கிறார்கள். பழுத்தால் மஞ்சளாகும், பறவைகள் தின்று ஊரெல்லாம் விதைக்கும். அதன் பச்சைக் காய் நஞ்சு. இலையிலுள்ள நுண்ணிய மயிர் மூக்கிலும் தொண்டையிலும் ஏறினால் இருமி இருமி உயிர் போகும். என் கணவர் முகத்தில் துணி கட்டாமல் அரை மணி நேரம் வெட்டிவிட்டு அன்றிரவு முழுவதும் இருமினார். இதை வெட்டுகிறவர்கள் முகக்கவசம் இல்லாமல் வெட்ட வேண்டாம். குழந்தைகள் இருக்கும் வீடானால் காய்க்கொத்துகளை முதலில் அகற்றுங்கள்.

உண்ணிச்செடி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் பார்த்ததேதான். தரைமட்டத்தில் வெட்டினால் நான்கு மடங்காகத் துளிர்க்கும். மழை பெய்த மறுநாள் கடப்பாரை போட்டு வேரோடு எடுங்கள். இந்த மூன்றும் தென்னாப்பிரிக்க விதிகளின்படி கட்டாயம் கட்டுப்படுத்த வேண்டிய அயல் தாவரங்கள். ஆகவே இவற்றில் மனம் இளகத் தேவையில்லை.

மனம் இளகியது மரத்திடம். கொல்லையின் மூலையில் வேப்பமரம் போன்ற ஒன்று நிற்கிறது. வேம்பு அல்ல, அதன் உறவான மலைவேம்பு. சிரிங்கா என்பது இங்கத்திய பெயர். இதுவும் ஆக்கிரமிப்புப் பட்டியலில் உள்ளது, இதன் பழமும் நஞ்சு. நியாயப்படி எடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பலில் தொடங்கி, கரும்புத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த நம் மக்களுக்கு வேம்பின் இடத்தில் கிடைத்தது இந்த மரம். மாரியம்மனுக்குப் பல குடும்பங்கள் சார்த்துவது இந்த இலையைத்தான். வீட்டில் அம்மை போட்டால் மஞ்சள் நீரோடு வைப்பதும் இதுவே. பெரிய வெள்ளிக்கிழமையன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதும். தோட்ட வேலைக்காரர்களுக்கு விடுமுறை கிடைத்த நாளே அம்மனுக்கும் திருநாளாயிற்று. அந்த வாரத்தில் எங்கள் கொல்லை மரத்துக்கு இலை கேட்டு ஆள் வருமாம். அம்மா இதைச் சொல்லிவிட்டு, வெட்டாதே என்று சொல்லவில்லை. உன் வீடு, உன் விருப்பம் என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சும்மா நின்றார்.

நான் அதை வெட்டவில்லை. வீட்டு உரிமையாளரிடமும் பேசினேன். மரம் நிற்கும், பழம் பழுக்குமுன் கொத்துகளை அறுத்து அப்புறப்படுத்த வேண்டும், அடியில் முளைக்கும் கன்றுகளை அவ்வப்போது பிடுங்க வேண்டும். அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். இது சரியான முடிவா என்று ஒரு தாவரவியலாளர் என்னுடன் வாதாடலாம். ஒருவர் தெய்வத்துக்கு வைக்கும் இலையை, இந்த வீட்டுக்கு வந்து இரண்டு மாதமான நான் ஒரு காலைப்பொழுதில் வெட்டி எறிய முடியாது.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. அந்தப் பொய் முடக்கத்தான் கொடிக்கு அடியில், வெளிச்சமே படாத இடத்தில், வெளிறிய குச்சிகள் சில நீட்டிக்கொண்டிருந்தன. இலை நோஞ்சானாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக. களை என்று நினைத்து என் கணவர் பாங்காவை வீசினார். பாங்கா என்பது இங்கே புழங்கும் நீண்ட வெட்டுக்கத்தி. ஒரு தண்டு அறுந்தது. அடுத்த நொடி, தாளித்துக் கொட்டியதுபோல் வாசனை. கறிவேப்பிலை!

அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து, ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். அவருடைய சிறுவயதில் குடும்பம் டர்பனிலேயே கேட்டோ மேனர் என்ற பகுதியில் இருந்தது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தின் கீழ் அந்த இடத்தை வெள்ளையருக்கென்று ஒதுக்கினார்கள். அறுபதுகளில் அவர்களை சாட்ஸ்வொர்த்துக்கு விரட்டினார்கள். லாரியில் சாமான் ஏற்றும்போது அவருடைய தாயார் கறிவேப்பிலை மரத்தின் பக்கக்கன்று ஒன்றைத் தோண்டி, பெயின்ட் டப்பாவில் வைத்து மடியில் ஏந்தி வந்தார். அது இங்கே மரமாயிற்று. பல ஆண்டுகள் கழித்து வீட்டைப் பின்னால் நீட்டிக் கட்டியபோது அதை எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆனால் அதற்கு முன்பே அதன் கன்று ஒன்று மதில் தாண்டி இந்த வீட்டுக்கு வந்திருந்தது. இங்கே இருந்தவர் அவருடன் தமிழ்ப் பள்ளியில் படித்த தோழி. வீடு பூட்டிக் கிடந்ததில் அதுவும் பட்டுப்போயிருக்கும் என்று அம்மா நினைத்துவிட்டார்.

என் கணவர் பாங்காவைக் கீழே வைத்துவிட்டார். அன்று அதை மறுபடி எடுக்கவில்லை.

மாலையில் வேரோடு ஒரு பக்கக்கன்றை அம்மாவுக்கு எடுத்துக்கொடுத்தேன். கறிவேப்பிலைக் கன்றைப் பிடுங்கக் கூடாது. சுற்றிலும் தோண்டி, தாய்வேரிலிருந்து அது பிரியும் இடத்தைக் கூரிய கத்தியால் அறுத்து, சொந்தமாகச் சல்லிவேர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மண்ணோடு தூக்க வேண்டும். சில வாரங்கள் நிழலில் வைத்திருந்து பிறகு வெயிலுக்குக் கொண்டுவர வேண்டும். அதை வாங்கிப்போக அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது ஒரு பழைய பெயின்ட் டப்பா.

பாம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்பது மணி இருக்கும், மாமரத்தின் தாழ்ந்த கிளையில் மெல்லிய பச்சைப் பாம்பு. டர்பனில் கொடிய பச்சை மாம்பா உண்டு என்று கேள்விப்பட்டிருந்ததால் என் கணவர் மண்வெட்டியைக் கையில் எடுத்தார். நான் அவரைப் பிடித்து நிறுத்திவிட்டுத் தொலைவிலிருந்து படமெடுத்து, பாம்பு பிடிக்கும் தன்னார்வலர் ஒருவருக்கு அனுப்பினேன். உடம்பின் முன்பாதியில் கரும்புள்ளிகள் தெரிகின்றன, இது நஞ்சற்ற புள்ளிப் புதர்ப்பாம்பு, பல்லியும் தவளையும் தின்று வாழ்வது, விட்டுவிடுங்கள் என்று பதில் வந்தது. இந்தப் பாம்பை மாம்பா என்று எண்ணி அடித்துக் கொல்வது இங்கே அடிக்கடி நடக்கிறதாம். அதற்காக, புள்ளியைப் பார்த்து நீங்களே முடிவுசெய்ய வேண்டாம். விலகி நில்லுங்கள், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். முழங்கால்வரை பூட்ஸ் போடுங்கள். நீண்ட கோலால் தட்டிக்கொண்டே போங்கள். வீட்டுச் சுவரிலிருந்து தொடங்கி வேலிப் பக்கமாக வெட்டிச் செல்லுங்கள், உள்ளே இருப்பவை வெளியேற வழி இருக்கும். இரவு குளிக்கும்போது உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக்கடிக் காய்ச்சல் இந்த நாட்டில் உண்டு.

தண்ணீர்க் குழாயடியில் தழைத்திருந்ததை நான் குப்பைக்கீரை என்றேன். அந்த ஜூலு இளைஞர் இம்புயா என்றார். அவருடைய தாயார் அடிக்கடி சமைப்பாராம். அம்மா வெறுமனே கீரை என்றார். மூவரும் ஆளுக்கொரு கட்டாகப் பிரித்துக்கொண்டோம். அங்கேயே சேம்பும் இருந்தது, இங்கத்திய அமடும்பே. அம்மா இலையைத் திருப்பிப் பார்த்து, கிழங்கு ஒன்றைத் தோண்டிப் பார்த்த பிறகே சம்மதித்தார்.

வெட்டியதை எரிக்கலாமா என்று பலரும் கேட்பதுண்டு. போகி வந்ததால் எனக்கும் அந்த எண்ணம் தோன்றியது. எரிக்காதீர்கள். குவியலில் அரளி ஒரு கிளை கலந்திருந்தாலும் அந்தப் புகை நஞ்சு. விதையும் காயும் உள்ளவற்றைப் பையில் கட்டித் தோட்டக் குப்பையோடு அனுப்பிவிட்டேன். விதையில்லாத தழையை உலரவைத்துக் கறிவேப்பிலையைச் சுற்றி மூடாக்காகப் பரப்பினேன். கிளறிய மண்ணில் புழு பொறுக்க அரிவாள்மூக்கன் பறவைகள் நான்கு வந்து இறங்கின. ஹடீடா என்று இங்கே பெயர். அவை கத்துவது காது கிழியும், ஆனாலும் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பொங்கலன்று கொல்லையில் மூன்றில் ஒரு பங்குதான் வெளியாகியிருந்தது. மூன்று கல்லுக்கும் ஒரு பானைக்கும் அது போதுமாயிருந்தது. மீதியைச் சனிக்கிழமைதோறும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவருகிறேன். மேற்கு வேலியோரம் நீண்ட, அகன்ற இலைகளோடு ஒரு தூறு நிற்கிறது. மஞ்சளாக இருக்கலாம், இஞ்சி வகையாக இருக்கலாம், பரவிக் கெடுக்கும் வெறும் பூச்செடியாகவும் இருக்கலாம். அம்மா ஜோகன்னஸ்பர்க்கில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். அவர் திரும்பி வரும்வரை அந்தப் பக்கம் கத்தி போகாது.