சைலன்சர் மாற்றிய பின் ஐடிலில் கடகட சத்தம்

ஐடிலில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓடும்போது) மட்டும் கடகடத்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் நிற்கிறது என்றால் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் (புகைபோக்கி) குழாய் எங்கோ பாடியில் தட்டுகிறது. வெளிச்சந்தை (வண்டிக் கம்பெனியுடையது அல்லாத) எக்ஸாஸ்டில், குழாயைத் தொங்கவிடும் ஹேங்கர் கம்பி சற்றுத் தள்ளி வெல்டாகியிருப்பதே பெரும்பாலும் காரணம்.

நன்றாக ஆறியபின் டெயில் பைப்பைப் பிடித்து நாலு பக்கமும் ஆட்டுங்கள். தட்டும் இடத்தில் பளபளவெனத் தேய்ந்த தடம் தெரியும். ஹீட் ஷீல்டையும் (வெப்பத் தடுப்புத் தகடு) தட்டிப் பாருங்கள். அதன் போல்ட் துளை துருப்பிடித்து அகன்றாலும் இதே சத்தம்தான்.

குழாய் இணைப்புகளை இறுக்கும் கிளாம்ப்புகளை எல்லாம் தளர்த்தி, குழாயைச் சுற்றி 10–15 மி.மீ. இடைவெளி வரும்படி திருப்பி, இன்ஜின் பக்கத்திலிருந்து பின்னோக்கி இறுக்குங்கள். ஒரே ஒரு கிளாம்ப்பை மட்டும் தளர்த்தித் திருப்பினால் சத்தம் இடம்தான் மாறும். வெடித்த ரப்பர் ஹேங்கரை மாற்றிவிடுங்கள்.

மஃப்ளருக்குள்ளேயே (சைலன்சர் டப்பா) கலகலத்தால் உள்தகடு கழன்றிருக்கிறது. மஃப்ளரையே மாற்ற வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், வண்டியைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம்.