ஜேட் கண்டு இலை கொட்டுது, அடித்தண்டு மெத்தெண்டு இருக்கு: கொழும்பு வீட்டில என்ன செய்யலாம்?

வெள்ளவத்தையில அப்பார்ட்மெண்ட் ஒண்டிண்ட ஆறாம் மாடியில இருக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. நர்சரியில வாங்கின ஜேட் கண்டு, அதான் தடிச்ச இலை இருக்கிற அலங்காரக் கண்டு, ரெண்டு மாசம் நல்லா நிண்டதாம், இப்ப கீழ் இலையெல்லாம் மஞ்சளாகி மெத்தெண்டு தொட்டாலே விழுதாம், அடித்தண்டும் மெத்தெண்டு இருக்காம், மேல இருக்கிற இலையள் சுருங்கிக் கிடந்தாலும் மேல் கிளையள் இன்னும் பச்சைதானாம். ஒவ்வொரு நாளும் காலமை தண்ணி விட்டவா, இலை சுருங்கினதைப் பாத்திட்டுப் பின்னேரமும் விடத் தொடங்கியிருக்கிறா. வெயில் கூடிட்டுதோ எண்டு பயந்து பல்கனியில இருந்து எடுத்து ஹோலுக்குள்ள டிவிக்குப் பக்கத்தில வச்சாச்சு. இதைக் காப்பாத்தலாமா, உரம் ஏதும் போடவா, இது பூக்குமா, வீட்டில பூனையும் இருக்கு, பிரச்சினை வருமா எண்டு கேக்கிறா.

தங்கச்சி, முதல்ல இண்டையோட தண்ணியை நிப்பாட்டுங்கோ. உரமும் வேண்டாம். நீங்கள் எழுதின விதத்தில பாத்தா வேர் அழுகத் தொடங்கிட்டுது, ஆனா மேல் கிளையள் இன்னும் பச்சையாத்தான் இருக்கெண்டு சொல்லுறீங்க, அப்ப கண்டைக் காப்பாத்தலாம், பயப்பட வேண்டாம்.

நீங்கள் குழம்பின இடம் கனபேர் குழம்பிற இடம்தான். இலை சுருங்கினா தண்ணி காணாதெண்டுதான் எல்லாரும் நினைக்கிறம். அது அரைவாசிதான் சரி. வேர் அழுகினாலும் இலை சுருங்கும், ஏனெண்டா சாடிக்குள்ள தண்ணி நிறைய இருந்தாலும் அதை உறிஞ்சி மேல அனுப்ப வேர் இல்லை. அப்ப நாங்கள் இன்னும் ஊத்துவம், அழுகல் இன்னும் ஏறும். எது எண்டு பிரிச்சுப் பாக்க வழி இருக்கு. உண்மையாத் தண்ணி காணாத கண்டிண்ட இலை மெலிஞ்சு வளையும், ஆனா நிறம் பச்சையாவே இருக்கும், தண்டு கல்லு மாதிரி இறுக்கமா இருக்கும், ஒருக்கா வடிவாத் தண்ணி விட்டா ரெண்டு மூண்டு நாளில இலை திரும்பத் தடிக்கும். அழுகலெண்டா கீழ் இலை மஞ்சளாகி உள்ளுக்குத் தண்ணி தேங்கினது போல ஒளி ஊடுருவும், தண்டை அடியில மெல்ல அமத்தினா விரல் உள்ளுக்குப் போகும். உங்கட கண்டு ரெண்டாவது வகை.

இது ஏன் கொழும்பில இவ்வளவு நடக்குதெண்டு கொஞ்சம் விளக்கிச் சொல்லவேணும், ஏனெண்டா இது விளங்கினா மற்றதெல்லாம் தானா விளங்கும். ஜேட், விஞ்ஞானப் பேர் கிராசுலா ஓவாட்டா, தென்னாபிரிக்காவிண்ட கிழக்குக் கேப், குவாசூலு-நட்டால் பக்கமும் மொசாம்பிக்கிலயும் கல்லுச் சரிவுகளில வளருற கண்டு. அங்க மழை பெய்தா கல்லுக்குள்ளால உடன ஓடிடும். தண்ணியை மிச்சம் பிடிக்கிறதுக்காக இது பகலில இலைத்துளைகளை மூடி வச்சிட்டு ராவிலதான் திறந்து காபனீரொட்சைட்டை எடுத்து அமிலமாச் சேமிச்சு வச்சு, பகல் வெளிச்சம் வந்த பிறகு அதைப் பாவிச்சு உணவு செய்யும். அதால இதிண்ட உடம்பில இருந்து தண்ணி கூட வெளியேறுறது ராவிலதான். கொழும்பில ராவில காத்திண்ட ஈரப்பதன் 80 வீதத்தையும் தாண்டும். காத்தே ஈரமாக் கிடக்கேக்க இலையில இருந்து எவ்வளவு தண்ணி போகும்? கொஞ்சம்தான். போறது குறைவெண்டா வேர் குடிக்கிறதும் குறைவு, நீங்கள் விட்ட தண்ணி அப்பிடியே மண்ணில நிக்கும், ராவும் சூடா இருக்கிறதால பங்கசுக்கு அது நல்ல இடம். அதாலதான் வறண்ட ஊருகளில இருந்து வீடியோ போடுறவை கிழமைக்கு ஒருக்கா எண்டு சொல்லுற கணக்கு எங்களுக்குச் சரிவராது, ஒவ்வொரு நாளும் எண்டது சொல்லவே தேவையில்லை.

மற்றது மண். நர்சரியில கறுப்பு பேக்கில வாற கண்டுகளில கனக்கத் தும்புத்தூளும் செம்மண்ணும்தான் இருக்கும். விக்கிற இடத்தில வெயிலும் காத்தும் இருக்கிறதால அங்க அது சமாளிக்கும், எங்கட ஹோலுக்குள்ள வந்தாத் தும்புத்தூள் நாள் கணக்கா ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். இன்னொண்டு, மேல் மண் ஒரே நாளில காய்ஞ்சு வெளுத்துப் போயிருக்கும், ஆனா நடுவில வேரைச் சுத்தின அந்தக் கட்டி பிழிஞ்சாத் தண்ணி வாற மாதிரி இருக்கும். மேலால பாத்து முடிவெடுக்கிறது அதாலதான் ஏமாத்தும்.

சரி, இப்ப செய்ய வேண்டியது. பழைய நியூஸ்பேப்பர் ஒண்டை விரிச்சு, கண்டைச் சாடியோட சரிச்சு, மெல்ல வெளியில எடுங்கோ, தண்டைப் பிடிச்சு இழுக்க வேண்டாம், சாடியைத் தட்டுங்கோ. மண்ணைக் கையால உதிர்த்து விட்டுட்டு வேரைப் பாருங்கோ. நல்ல வேர் வெள்ளையா இல்லாட்டி மங்கின கிறீம் நிறத்தில இறுக்கமா இருக்கும். அழுகின வேர் கறுத்துப் போயிருக்கும், ரெண்டு விரலால பிடிச்சு இழுத்தா மேல் தோல் உறை மாதிரிக் கழண்டு வந்து உள்ளுக்கு நூல் போல ஒண்டு மிஞ்சும், மணமும் வரும். நல்ல வேர் கொஞ்சமாவது இருந்து தண்டும் இறுக்கமா இருந்தா அழுகினதை மட்டும் வெட்டிட்டுக் காயவிட்டு நடலாம். நீங்கள் சொல்லுறது அடித்தண்டே மெத்தெண்டு இருக்கெண்டு, அப்ப அடியை விட்டிட்டு மேலைத்தான் காப்பாத்த வேணும்.

கூரான கத்தியை சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால துடைச்சிட்டு, மெத்தெண்டு இருக்கிற இடத்துக்கு நல்லா மேலால தண்டைக் குறுக்கால வெட்டுங்கோ. வெட்டின முகத்தை வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ. முழுக்க இளம் பச்சையா, ஈரமா, ஒரே நிறமா இருக்க வேணும். நடுவில மண்ணிறப் புள்ளியோ வளையமோ தெரிஞ்சா அழுகல் அங்கயும் ஏறிட்டுதெண்டு அர்த்தம், திரும்பக் கத்தியைத் துடைச்சிட்டு இன்னும் கொஞ்சம் மேல வெட்டுங்கோ. மனம் வராது, விளங்குது, வடிவான மரம் சின்னத் துண்டாப் போகும், ஆனா ஒரு புள்ளியை விட்டு வச்சாலும் பிறகு முழுசாப் போயிடும், அதால இந்த இடத்தில இரக்கம் பாக்க வேண்டாம். கிளையளையும் தனித்தனியா வெட்டி எடுக்கலாம், ஒண்டு தவறினாலும் மற்றது வரும்.

வெட்டின துண்டுகளை உடன நடக்கூடாது. வெயில் படாத, காத்து வாற இடத்தில பேப்பருக்கு மேல படுக்க வச்சு விடுங்கோ, ஃபேன் காத்து பட்டா இன்னும் நல்லது. வெட்டு வாய் காய்ஞ்சு தோல் பிடிக்க வேணும். இங்கத்தைய ஈரக் காத்துக்கு ஒரு கிழமையில இருந்து பத்து நாள் விட்டாப் பிழையில்லை, மழைக்காலமெண்டா இன்னும் கொஞ்சம். இலை சுருங்கினாலும் பயப்படாதேங்கோ, இலைக்குள்ள இருக்கிற தண்ணியில கண்டு இருக்கும். கறுவாத்தூள் பூசுறவையும் இருக்கினம், பூசினாலும் பூசாட்டியும் காய விடுறதுதான் முக்கியம். தண்ணிப் போத்தலுக்குள்ள வச்சு வேர் விடவைக்கிறதை நான் இங்க சொல்லமாட்டன், தண்ணியில வந்த வேர் மண்ணுக்கு மாறேக்க கனக்கக் கண்டு அழுகிறதைக் காணுறம்.

மண் கலவைக்கு வெளிநாட்டுச் சாமான் தேடித் திரிய வேண்டாம். பெர்லைட் (பாரமில்லாத வெள்ளைக் கல்லுத்துண்டு) கிடைச்சாப் போடுங்கோ, இல்லாட்டி செங்கல்லை உடைச்சு அரிச்சுத் தூளை எறிஞ்சிட்டு பயறு, கடலை அளவில இருக்கிற துண்டுகளை எடுங்கோ, இல்லாட்டிச் சின்னச் சல்லிக்கல். அதில ரெண்டு பங்கு, கழுவின கரடு ஆத்து மணல் ஒரு பங்கு, நல்லா மக்கின கொம்போஸ்ட் ஒரு பங்கு. தும்புத்தூள் வேண்டவே வேண்டாம் எண்டு சொல்லேல்ல, ஆனா இந்த ஊருக்கு அது இல்லாமலே நல்லா வரும். கலவையை நனைச்சுக் கையில பிடிச்சு அமத்திட்டு விட்டா உதிர வேணும், கட்டியா நிண்டா இன்னும் கல்லுப் போடுங்கோ. கடல் பக்கத்தில தானே இருக்கிறம் எண்டு கடல் மணல் அள்ளிக்கொண்டு வந்திடாதேங்கோ, உப்பு வேரைச் சுட்டுப்போடும்.

சாடி மண்சட்டிதான் நல்லது, பெயிண்ட் அடிக்காதது, அடியில ஓட்டை இருக்க வேணும். சட்டிப் பக்கத்தாலயும் ஈரம் வெளியேறும், பீங்கானிலயும் பிளாஸ்டிக்கிலயும் அது நடக்காது. வளர இடம் வேணுமெண்டு பெரிய சட்டியில நடாதேங்கோ, வேர் இல்லாத மண்ணில ஈரம் சும்மா நிக்கும். அடியில கல்லுப் படை போட்டாத் தண்ணி வடியுமெண்டு எல்லாரும் செய்யிறவை, அது உண்மையில உதவாது, தண்ணி அந்தக் கல்லுக்கு மேல மண்ணிலயே தேங்கி நிக்கும், கல்லை மண்ணோட கலக்கிறதுதான் சரி. சட்டிக்குக் கீழ வைக்கிற பிளேட்டில தண்ணி நிக்கக் கூடாது, அது வேருக்கும் கூடாது, டெங்கு நுளம்பு முட்டை போடுறதும் இப்பிடி இடங்களிலதான், பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தாப் பாக்கிறதும் முதல்ல அதைத்தான்.

நட்ட பிறகும் ஒரு கிழமை தண்ணி இல்லை. அதுக்குப் பிறகு மண் மெல்ல ஈரமாகிற அளவுக்கு மட்டும். மூண்டு நாலு கிழமை போக மெல்ல இழுத்துப் பாருங்கோ, கழண்டு வராமப் பிடிச்சுக்கொண்டு நிண்டா வேர் வந்திட்டுது. அதுக்குப் பிறகு வாழ்க்கை முழுக்க ஒரே விதிதான்: பார்பிகியூ குச்சி ஒண்டைச் சட்டி அடிவரைக்கும் குத்தி அஞ்சு நிமிசம் விட்டிட்டு எடுத்துப் பாருங்கோ, குச்சி ஈரமா, மண் ஒட்டி வந்தாத் தண்ணி இல்லை. காய்ஞ்சு வந்து, கீழ் இலையை விரலால அமத்த முன்னையை விடக் கொஞ்சம் மெத்தெண்டு இருந்தாத்தான் தண்ணி, அப்ப அடி ஓட்டையால வடியிற அளவுக்கு வடிவா விடுங்கோ. மாசி, பங்குனி வெயிலுக்கு அது பத்து நாளா இருக்கலாம், ஒக்டோபர், நவம்பர் மழைக்கு மூண்டு கிழமையும் போகலாம். கலண்டரைப் பாத்து விடவேண்டாம்.

டிவிக்குப் பக்கத்தில இருந்து எடுங்கோ, அது இருட்டு. ஜேட் வச்சாக் காசு வருமெண்டு நம்பிக் கடைகளில கல்லாவுக்குப் பக்கத்தில ஏசிக்குள்ள வச்சிருக்கிறதும் இப்பிடித்தான் கொஞ்சம் கொஞ்சமா நீண்டு மெலிஞ்சு சாகும், எனக்கு அதைப் பாக்கவே கவலை. உங்கட பல்கனி கிழக்குப் பாத்ததெண்டாக் காலமை வெயில் மூண்டு நாலு மணித்தியாலம் பட்டா அது போதும். கடல் பக்கம், மேற்குப் பாத்ததெண்டாப் பின்னேர வெயில் கடுமை, ஒரு கிழமை ரெண்டு கிழமை எடுத்து மெல்ல மெல்லப் பழக்குங்கோ, மழை நேரடியா அடிக்காத மாதிரி உள்பக்கமாத் தள்ளி வையுங்கோ. கொழும்பில வருசத்துக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில மழை, அது முழுக்க இதுக்குத் தேவையில்லை. இலை விளிம்பு சிவந்தா அது வருத்தமில்லை, வெயில் நல்லாக் கிடைக்குதெண்டு அர்த்தம். தண்டில இருந்து சின்ன வெள்ளை வேர் வெளியால வந்து பிறகு மண்ணிறமாகிறதும் ஈரக் காத்தால வாறது, வெட்டத் தேவையில்லை.

இலைக் கக்கத்தில வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தா வெண்மூட்டுப்பூச்சி. எறும்பு ஏறினாலும் தேடிப் பாருங்கோ, ஏனெண்டா எறும்புதான் அதைக் காவிக்கொண்டு திரியும். பஞ்சை ஸ்பிரிட்டில தோய்ச்சு ஒவ்வொண்டாத் துடைச்சு, ஒரு கிழமை கழிச்சுத் திரும்பவும் செய்யுங்கோ, முட்டை பொரிச்சு வரும்.

உரம் கண்டு வேர் பிடிச்சுப் புது இலை விட்ட பிறகுதான். அல்பேர்ட் கரைசலை (தண்ணியில கலக்கிற உரம்) பக்கெற்றில சொன்ன அளவிண்ட பாதிக்குக் கலந்து ரெண்டு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா விட்டாக் காணும். தேயிலைச் சக்கை, அரிசி கழுவின தண்ணி ஊத்துற பழக்கம் எங்கட வீடுகளில இருக்கு, கறிவேப்பிலைக்கு ஊத்துங்கோ, இதுக்கு வேண்டாம், மண் நாறிப் பூச்சி வரும்.

பூக்கிறதெண்டா உண்மையைச் சொல்லுறன், கொழும்பில பூ கஷ்டம். இது பூக்கிறதுக்கு நீண்ட இரவும் குளிர் இரவும் வேணும், நாங்கள் பூமத்தியரேகைக்கு 7 பாகை தூரத்தில இருக்கிறம், வருசத்தில கூடின பகலுக்கும் குறைஞ்ச பகலுக்கும் ஒரு மணித்தியாலம் கூட வித்தியாசம் இல்லை, ராவும் 20 பாகைக்குக் கீழ இறங்கிறது குறைவு. பூக்காட்டியும் கண்டு நல்லா இருக்குதெண்டு எடுத்துக்கொள்ளலாம், தடிச்ச இலையும் தடிச்ச தண்டும்தான் இதிண்ட வடிவு. கிளை நுனியைக் கிள்ளி விட்டா அந்த இடத்தில ரெண்டு கிளை வரும், மரம் மாதிரி வடிவாச் சேரும், ஆனா அது அடுத்த வருசத்து வேலை.

பூனைக்கும் நாய்க்கும் ஜேட் நஞ்சு, திண்டாச் சத்தி எடுக்கும், சோர்ந்து போகும். வெட்டிக் காயவிடுற துண்டுகளையும் பூனை ஏறாத இடத்திலயே வையுங்கோ, நிலத்தில விழுற இலையளை உடன பொறுக்கிடுங்கோ, பூனை கடிச்சதெண்டு தெரிஞ்சா மிருக வைத்தியருக்கு உடன கோல் எடுங்கோ.