வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சூரிய மின் தகடுகளும் கைப்பேசிச் செயலிகளும் வளரும் நாடுகளின் பொதுச் சுகாதாரத்தை உண்மையிலேயே உயர்த்துகின்றனவா? (ஒரு வாசகி, தேனி)

பதில்: உயர்த்துகின்றன. ஆனால் அவற்றைப் பழுதுபார்க்க ஆள் இருக்கும் இடத்தில்தான் அந்தப் பயன் நிலைக்கிறது.

நூறு கோடிக்குச் சற்றுக் குறைவான மக்கள் மின்சாரமே இல்லாத, அல்லது நம்பத்தகுந்த மின்சாரம் இல்லாத மருத்துவ நிலையங்களை நம்பியிருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறியது. அங்கே முதலில் கெடுவது தடுப்பூசி. பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டும். வெப்பம் கூடினால் அவை வீரியம் இழக்கும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் ரணஜன்னி, ஹெபடைடிஸ் பி தடுப்பூசிகள் உறைந்துபோனாலும் பயனற்றுப் போகும் என்பதைப் பலர் அறிவதில்லை. மண்ணெண்ணெய்க் குளிர்பெட்டிகளில் வெப்பநிலையைச் சீராக வைத்திருப்பது கடினம். பின்னர் வந்த சூரிய மின் குளிர்பெட்டிகள் பலவும் சில ஆண்டுகளில் பேட்டரி செத்ததும் முடங்கின. இப்போதுள்ள நேரடிச் சூரிய மின் குளிர்பெட்டிகள் பகல் வெயிலில் பனிக்கட்டியை உறையவைத்து, அந்தக் குளிர்ச்சியாலேயே இரவைக் கடத்துவதால், குளிரூட்டலுக்குப் பேட்டரி தேவைப்படுவதில்லை. இந்தியாவில் 2015இல் தொடங்கிய இவின் (eVIN) என்னும் தடுப்பூசிக் கண்காணிப்புத் திட்டத்தில், குளிர்பெட்டியின் வெப்பநிலை எல்லை மீறினால் பொறுப்பாளரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. தடுப்பூசி இருப்பும் செயலியில் பதிவாகிறது. ஆயினும் செய்தியைக் கண்டதும் புறப்பட்டு வர ஒரு தொழில்நுட்பர் இல்லையென்றால் உள்ளே இருக்கும் மருந்தைக் காப்பாற்ற முடியாது.

எனக்கு ஆழ்ந்த கவலை தருவது பழைய பேட்டரிகள். வீட்டுச் சூரிய மின் அமைப்புகள் பலவற்றில் இருப்பவை ஈய-அமில பேட்டரிகளே. கென்யாவின் மொம்பாசா நகரில், ஓவினோ உஹுரு குடியிருப்பை ஒட்டி, பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுத்துவந்த ஆலை, மூடப்படுமுன் அங்குள்ள குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தை ஏற்றிவிட்டது. அதை எதிர்த்துப் போராடிய ஃபிலிஸ் ஒமிடோவுக்கு 2015இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. ஆனால் ஈயம் குழந்தையின் மூளைக்குச் செய்த கேட்டை எந்த விருதாலும் இழப்பீட்டாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. அந்த ஆலைக்கு வந்த பேட்டரிகள் எல்லாம் சூரிய மின் அமைப்புகளிலிருந்து வந்தவை அல்ல. ஆயினும் சூரிய மின் அமைப்புகளின் பேட்டரிகளில் உள்ள ஈயமும், முறையாகச் சேகரிக்கப்படாவிட்டால், அதே வழியில்தான் போய்ச் சேரும்.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன. ஆகவே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தகடுகள் பொருத்தப்படும்போது, பராமரிப்பு ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகளுக்கு, பழைய பேட்டரியை யார் எடுத்துச் செல்வார்கள் என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.