தன்னைத் தேடும் இளைஞர்களின் கதைகளில் எது தேறும்?

தன்னைத் தேடும் இளைஞர்களைப் பற்றிப் புதிதாக வரும் நாவல்களை எப்படி மதிப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் புரட்டுவது கடைசி இருபது பக்கங்களைத்தான். (முடிவு தெரிந்தால் கெட்டுப்போகும் நாவல் எப்படியும் தேறாது.) அங்கே நாயகன் ‘நான் யாரென்று புரிந்துவிட்டது’ என்று வாய்விட்டுச் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான்.

என் அளவுகோல் அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவல். செகந்திராபாத்தில் கிரிக்கெட், கல்லூரி என்று திரியும் சந்திரசேகரன்தான் நாயகன். 1948இல் இந்திய ராணுவம், நிஜாம் ஆண்டுவந்த ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைகிறது. கலவர நேரத்தில் ஒரு வீட்டுக்குள் போய்ச் சேர்கிறான்; அவனும் தாக்க வந்தவன் என்று நினைத்து, அங்கிருப்பவர்கள் உயிருக்குப் பயந்து அவனிடமே கெஞ்சுகிறார்கள். தன்னைக் கண்டு மனிதர்கள் நடுங்குவதைத் தாங்க முடியாமல் ஓடுகிறான். அவன் பையனாக இருந்த காலம் அந்த ஓட்டத்தில் முடிந்துபோகிறது.

அடுத்து, காசு. சென்னைக்கு வேலை தேடி வரும் பையன் மேன்ஷன் அறை வாடகையை எப்படிக் கட்டுகிறான், மாதக் கடைசியில் எங்கே கடன் சொல்லிச் சாப்பிடுகிறான் என்று எழுதத் தெரியாதவர், அவன் மனக்குழப்பத்தை ஐம்பது பக்கம் எழுதினாலும் ஒட்டாது. நடை, மொழியெல்லாம் அப்புறம். அப்பாவை வெறும் வில்லனாக்கியிருந்தால் மட்டும் நான் பாதியிலேயே மூடிவைத்துவிடுவேன்.