காக்னிட்டிவ் சயின்ஸ்னா சைக்காலஜியா, ஏஐயா?

ஜேசி (ஜூனியர் காலேஜ்) முடிச்ச பொண்ணு காக்னிட்டிவ் சயின்ஸ் படிக்கணும்கிறா, இது சைக்காலஜியா ஏஐயான்னு கேட்டிருக்கீங்க. ரெண்டும் இருக்கு, கூடவே மொழியியல், தத்துவம், நரம்பியலும்.

மனசுக்குள்ள தகவல் எப்படிப் போகுது, எங்க தங்குதுன்னு பாக்குறதுதான் அடிப்படை. நம்ம சிங்கப்பூர் போன் நம்பரையே எடுத்துக்குங்க, 8 இலக்கம், ஆனா ஒரே மூச்சுல யாரும் சொல்றதில்ல, நாலு நாலா பிரிச்சுத்தான் சொல்வோம், சைக்காலஜிஸ்ட் ஜார்ஜ் மில்லர் 1956ல எழுதின கட்டுரையும் இதைத்தான் பேசுது, ஒரு நேரத்துல சுமார் 7 துண்டுதான் நிக்கும், ஆனா ஒரு துண்டுக்குள்ள நிறைய அடைக்கலாம்னு. (7 கொஞ்சம் தாராளம்தான், பின்னாடி வந்தவங்க 4ன்னு குறைச்சுட்டாங்க.)

மெஷின் பக்கம் வந்தா, 1950ல கம்ப்யூட்டர் துறை முன்னோடி ஆலன் டூரிங் “மெஷின் யோசிக்குமா”ங்கறத விட்டுட்டு, எழுத்துல பேசுறப்போ மனுஷனா மெஷினான்னு கண்டுபிடிக்க முடியுதான்னு மாத்திக் கேட்டார். 1980ல தத்துவவாதி ஜான் சேர்ல், அப்படிப் பேசிட்டா மட்டும் மெஷினுக்குப் புரியுதுன்னு ஆகாதுன்னு மறுத்தார். சீனமே தெரியாத நம்மாளு ஒருத்தர ரூம்ல பூட்டி, இந்த எழுத்து வந்தா அந்த எழுத்த அனுப்புன்னு ஒரு விதிப்புத்தகம் குடுத்தா, வெளிய நிக்கிற ஆன்ட்டி உள்ள இருக்கறது சீனர்னே நினைப்பாங்க, அவருக்கோ ஒரு எழுத்தும் புரியாது. சாட்ஜிபிடியும் அப்படித்தானாங்கறதுல இன்னும் சண்டை ஓயல. எனக்கு சேர்ல் வாதம் முழுசா ஒத்துவரல, ஆளு, புத்தகம், ரூம் எல்லாம் சேர்ந்த சிஸ்டத்துக்குப் புரியுதுன்னு சொல்லலாம்ல?

இங்க என்யூஎஸ், என்டியூ ரெண்டு யூனிவர்சிட்டிலயும் சைக்காலஜி இருக்கு, கூட ப்ரோகிராமிங்கும் ஸ்டாட்ஸும் எடுக்கச் சொல்லுங்க, கணக்குன்னாலே ஓடுற பொண்ணுன்னா முதல்லயே சொல்லிடுங்க.